முகாம் மாணவியை மேடையில் பேசச் சொல்லலாமா?

கேள்வி:

நான் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினோராம் வகுப்பு ஆசிரியை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கிருந்து பத்துப் பதினைந்து பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கு வருகிறார்கள். ஜூன் 20 உலக அகதிகள் தினம். அதையொட்டி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களை வைத்து ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தி, அரிசியும் துணியும் சேகரித்து முகாமுக்குக் கொடுக்க நினைத்தோம். என் வகுப்பில் நன்றாகப் பேசக்கூடிய முகாம் மாணவி ஒருத்தி இருக்கிறாள். "உங்க குடும்பம் வந்த கதையை நீயே மேடையில சொல்லேன்" என்று வகுப்பில் வைத்துக் கேட்டேன். "சரி மிஸ்" என்றாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கு வரவில்லை. இன்றோடு நான்கு நாள். அவளுடைய தோழி தனியாக வந்து, "அவ கேம்ப்னு என்னைத் தவிர கிளாஸ்ல யாருக்கும் தெரியாது மிஸ்" என்றாள். நல்லது நினைத்துத்தான் செய்தேன். அவளை எப்படித் திரும்ப வரவழைப்பது? கூட்டத்தை நடத்துவதா, விட்டுவிடுவதா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே தனியாகவும் பதில் அனுப்பிவிட்டேன். மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்பதால், ஊர், பள்ளி விவரங்களை நீக்கிவிட்டு இங்கே விரிவாக எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடமாக முகாம் பிள்ளைகளோடும் அவர்கள் படிக்கும் பள்ளிகளோடும் வேலை செய்துவரும் சமூகப் பணியாளர் நான். நீங்கள் கேட்டதை நான் ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு பள்ளியில் பார்க்கிறேன்.

முதலில் அந்தப் பெண். கூட்டம் அப்புறம்.

இன்றைக்கே அவள் அம்மாவுக்குப் போன் செய்யுங்கள். நான்கைந்து ஆசிரியர்களாகச் சேர்ந்து முகாமுக்குப் போய் நிற்காதீர்கள். வெளியாட்கள் உள்ளே போக அனுமதி வாங்க வேண்டும் என்பது ஒன்று. பள்ளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள் என்றால் அந்த வரிசை முழுக்க 'என்ன பிரச்சினை?' என்று கதவைத் திறந்து பார்க்கும் என்பது இன்னொன்று. போனில் நீளமாகப் பேச வேண்டாம். "அம்மா, நான் கிளாஸ் டீச்சர் பேசுறேன். மேடையில பேசுறதெல்லாம் கிடையாது. எல்லார் முன்னாடியும் அவளை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, தப்பு என்னுடையதுதான். நாளைக்குக் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு எடுத்துட்டு வரச் சொல்லுங்க." இது போதும். கடைசியில் ரெக்கார்டு நோட்டைச் சொல்வது முக்கியம். நடந்ததைப் பேசுவதற்காகக் கூப்பிடவில்லை, படிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அவள் வந்த பிறகு வகுப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்காதீர்கள். வகுப்பில் வைத்துத்தானே கேட்டீர்கள் என்பதால், மற்ற பிள்ளைகள் கேட்டால், "நிகழ்ச்சி மாறிடுச்சு" என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுங்கள்.

"சரி மிஸ் என்று சொன்னாளே" என்ற உறுத்தல் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அந்தச் 'சரி'யைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். முகாமில் மாதத்துக்கு ஒருமுறை 'செக்கிங்' உண்டு. அன்றைக்குக் குடும்பத்தில் எல்லோரும் நேரில் நிற்க வேண்டும், பெயர் வாசிக்கும்போது கை தூக்க வேண்டும். வருவாய் ஆய்வாளர், முகாம்களைக் கண்காணிக்கும் கியூ பிரிவுக் காவலர், தாலுகா அலுவலகம் என்று அந்தக் குடும்பம் பார்த்த அதிகாரிகள் எத்தனையோ பேர். அதிகாரத்தில் இருப்பவர் கேட்டால் 'சரி' என்று சொல்ல வேண்டும், மறுத்தால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள் என்று பிள்ளைகள் நடை பழகும் வயதிலேயே படித்துவிடுகிறார்கள். ஆசிரியையும் அவர்கள் கண்ணுக்கு ஓர் அதிகாரிதான். உங்களிடம் 'முடியாது மிஸ்' என்று சொல்லும் வழி அவளுக்கு இல்லை. அதனால் வராமல் இருந்து சொல்லியிருக்கிறாள்.

அவள் மறைத்ததையும் தப்பாக எடுக்காதீர்கள். முகாம் பிள்ளைகளுக்கு இரண்டு தமிழ் உண்டு. வீட்டில் 'கதைப்பார்கள்', பள்ளியில் 'பேசுவார்கள்'. ஒரு முகாம் வாசலில் நான் கண்ணால் பார்த்தது: எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். உள்ளே பார்த்து, "அம்மம்மா, நான் வெளிக்கிடுறன்" என்றாள். நான்கு அடி தள்ளி ரோட்டில் காத்திருந்த தோழியிடம், "ஏய், கிளம்பலாமா, டைம் ஆச்சு" என்றாள். அந்த நான்கு அடியில் சொல் மாறியது, குரல் ஏறி இறங்கும் விதமும் மாறியது. தினமும் காலையும் மாலையும் இதைச் செய்து, ஒரு வகுப்பு முழுக்கத் தன்னைச் சாதாரணமாகப் பார்க்கும்படி உங்கள் மாணவி வைத்திருந்தாள். நீங்கள் கேட்ட ஒரு கேள்வியில் அது போய்விடுமோ என்று பயந்திருக்கிறாள்.

இதை நான் உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. நானே செய்திருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு பள்ளியில் இதே மாதிரி கூட்டம் நடத்தினோம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், அவன் அப்பா தலைமன்னார்ப் பக்கமிருந்து இரவில் படகேறி, மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டு, விடியும்வரை கழுத்தளவு பயத்தோடு உட்கார்ந்திருந்த கதையைச் சொன்னான். கூட்டத்தில் பாதிப் பேர் அழுதார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் முதல் பையன்கள் அவனைப் 'படகு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். காலாண்டுத் தேர்வுக்கு அவன் வரவில்லை. விசாரித்தபோது, மாமாவோடு பெயிண்டிங் வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். அவன் அம்மா என்னிடம் கோபப்படவில்லை. "என்ன செய்யுறது பிள்ளை, நீங்களும் நல்லதுக்குத்தானே கேட்டனீங்கள்" என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகு நான் எந்தப் பிள்ளையையும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை.

சில பள்ளிகளில் இதைவிட மோசமாக, உதவித்தொகைப் படிவம் வரும்போது, "கேம்ப் பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்பார்கள். சொல்பவருக்கு அது ஒரு வேலை. ஐந்து நொடி. எழுந்து நிற்கும் பிள்ளைக்கு அந்த வருடம் முழுக்க அதுதான். உங்கள் பள்ளியில் அந்தப் பழக்கம் இருந்தால், படிவத்தைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கொடுக்கும்படி தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். உங்கள் கூட்டத்தைவிட இந்த ஒரு மாற்றம் அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி.

சரி, கூட்டத்துக்கு வருவோம். நடத்துங்கள், கட்டாயம் நடத்துங்கள். முகாமைப் பற்றி ஒன்றும் தெரியாமலே முகாமுக்கு இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் அந்த மாணவர்கள்தான். அதற்கு முகாம் பிள்ளை யாரும் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை.

உங்கள் வகுப்பில் எல்லோரிடமும் ஒரு வேலை கொடுங்கள்: 'உங்கள் வீட்டில், சொந்தத்தில், தெருவில், இருந்த ஊரை விட்டுவிட்டு வந்தவர்கள் யார்? தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வாருங்கள்.' நம் ஊர்களில் இதற்குப் பதில் வராத வகுப்பே இருக்காது. 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது காட்டுவழியாக நடந்தே வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். 1962-இல் அங்கே ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு, கடையும் நிலமும் பறிபோய்க் கையில் ஒரு பெட்டியோடு கப்பலேறி வந்தவர்கள் இருப்பார்கள். சென்னையில் பர்மா பஜார் என்று ஒன்று ஏன் வந்தது, எத்தனையோ ஊர்களில் பர்மா காலனி என்று ஏன் பெயர் என்று பிள்ளைகளைக் கேட்டால் விழிப்பார்கள். அத்தோ என்ற பர்மா நூடுல்ஸைச் சாப்பிட்டிருப்பார்கள், அது யார் கையோடு வந்தது என்று தெரியாது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை இழந்தவர்கள், 2004 சுனாமிக்குப் பிறகு கடலை விட்டுத் தள்ளிக் குடியேற்றப்பட்டவர்கள், அணைக்கு நிலம் கொடுத்தவர்கள் என்று வந்துகொண்டே இருக்கும். இந்தப் பட்டியலில் இலங்கைத் தமிழர் கதையும் ஒன்றாக நிற்கும்போது, அது 'அவர்கள் கதை' என்று தனியாகத் தெரியாது.

புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, திருநெல்வேலிப் பக்கமாக இருந்தால் இன்னொன்றும் வெளிவரும். தேயிலைத் தோட்ட வேலைக்கு இலங்கைக்குப் போனவர்கள் இந்த மண்ணிலிருந்துதான் போனார்கள். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம் முகாமே வெள்ளைக்காரன் காலத்தில், அப்படிப் போகும் தொழிலாளிகளைத் தடுத்து வைத்து நோய் இருக்கிறதா என்று பார்க்கக் கட்டிய இடம். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தில், அந்தத் தோட்டங்களில் வாழ்ந்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று பேசி முடித்தது. அவர்களில் யாரிடமும் 'நீ எங்கே இருக்க விரும்புகிறாய்?' என்று முன்கூட்டிக் கேட்கவில்லை. தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, நீலகிரிக்கும் வேறு மாவட்டங்களுக்கும் போனார்கள். தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்கள் 1968-இல் தொடங்கப்பட்டதே அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். வராமல் தங்கியவர்களில் ஒரு பகுதியினர் 1977, 1983 கலவரங்களில் மலையிலிருந்து வவுனியா, கிளிநொச்சி, மன்னார் என்று வடக்கே நகர்ந்து, அங்கே போர் துரத்தியபோது படகேறினார்கள். ஆகவே, இன்றைக்கு முகாமில் இருப்பவர்களில் பலருக்கு, கொள்ளுத்தாத்தாவின் ஊர் பஸ் ஏறினால் போகிற தூரத்தில் இருக்கிறது. அந்த ஊரிலேயே அவர்கள் அகதி. இதை நான் சொல்லும்போது உள்ளூர்ப் பிள்ளைகள் முகத்தில் வரும் திகைப்பை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

கூட்டத்தில் கண்டிப்பாக ஒரு கேள்வி வரும்: 'அவங்களுக்குத்தான் எல்லாம் ஃப்ரீயாச்சே?' அதற்கு எண்ணோடு பதில் சொல்லுங்கள். 1983-லிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் திரும்பிப் போய்விட்டார்கள், அல்லது வேறு நாடுகளுக்குப் போனார்கள். 2021 ஆகஸ்டில் சட்டப்பேரவையில் அரசு சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர், முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்து வாழ்பவர்கள் 34,087 பேர். அப்போது உயர்த்தி அறிவித்த மாத உதவி, குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 3,500 ரூபாய். இதில் நால்வர் குடும்பம் எப்படி ஓடும் என்று மாணவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள். பத்துக்குப் பத்து அறையில் முப்பது வருடம் இருந்தவர்கள் உண்டு. அதே அறிவிப்பில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதாகச் சொன்னார்கள். கட்டிக் கொடுத்த இடங்களில் நிலைமை மாறியிருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று அரசு மாற்றியதும் அப்போதுதான். அதனால் உங்கள் பேனரில் 'அகதி' என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் போடாமல் இருப்பது நல்லது.

'இங்கேயே பிறந்தவர்கள், அப்புறம் எதற்கு முகாம்?' என்ற கேள்வியும் வரும். நல்ல கேள்வி. இந்தியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது. குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தால், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கவும் கூடாது. உங்கள் மாணவி இந்தக் கடைசிக் கட்டத்தில் பிறந்தவள். நம் அரசு மருத்துவமனையில் பிறந்த சான்றிதழ் அவளிடம் இருக்கும், அது அவளைக் குடிமகள் ஆக்காது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், அந்த 1987 வரம்பைக் காட்டி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குப் போட்டு, 2022-இல் பாஸ்போர்ட் பெற உத்தரவு வாங்கினார். 2024 மக்களவைத் தேர்தலில் முதல்முறையாக வாக்களித்தார். அந்த வரம்புக்குப் பிறகு பிறந்த தம்பி தங்கைகளுக்கு அந்த வழி இல்லை. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்ற மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது, இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில் வந்த ஒரு விலக்கு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை இல்லை என்கிறது. நிம்மதியான விஷயம்தான். ஆனால் அதுவும் குடியுரிமை இல்லை. இதையெல்லாம் மாணவர்களுக்குச் சொல்ல ஒரு வழக்கறிஞரை அழையுங்கள், அரை மணி நேரம் போதும்.

அரிசி, துணி பற்றி. பழைய துணி வேண்டவே வேண்டாம். ஒரு கல்லூரியிலிருந்து வந்த மூட்டையைப் பிரிக்கும்போது பக்கத்தில் இருந்தேன். பொத்தான் இல்லாத சட்டை, ஜிப் அறுந்த பேண்ட், கறை படிந்த சுடிதார். ஓர் அம்மா ஒவ்வொன்றாக எடுத்துத் துவைத்து, தரை துடைக்க மடித்து வைத்தார். 'வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே' என்றேன். "தந்த பிள்ளையளின்ட மனசு நோகுமே" என்றார். அரிசி அரசாங்கம் கொடுக்கிறது. சேகரித்த பணம் கையில் இருந்தால், முகாம் தலைவரிடமோ, அங்கே மாலை வகுப்பு எடுக்கும் அக்காமாரிடமோ 'என்ன தேவை?' என்று கேட்டுவிட்டுச் செலவழியுங்கள். நான் கேட்ட இடங்களில் வந்த பதில்கள்: மாலை வகுப்புக்கு ஃபேன், பன்னிரண்டாம் வகுப்பு வழிகாட்டிகள் நான்கு செட், டியூஷனுக்குப் போய்வரப் பஸ் காசு. கொடுக்கும்போது போட்டோ வேண்டாம்.

பணத்தைவிட உங்களால் கொடுக்க முடிந்தது வேறு ஒன்று இருக்கிறது. உங்களுக்குப் படிவம் நிரப்பத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் முகாம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது அங்கேதான். கல்லூரி விண்ணப்பத்தில் 'நாட்டுரிமை' என்ற கட்டம் வரும். 'இந்தியர்' என்று போட்டால் பொய், 'வெளிநாட்டவர்' என்று போட்டால் வெளிநாட்டு மாணவர் கட்டணத்தைக் காட்டும். அந்தக் கட்டத்தில் நின்றே படிப்பை விட்டவர்கள் உண்டு. இந்த மாணவியின் வகுப்புக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, இப்போதே தொடங்கலாம். முகாம் அடையாள அட்டை, தாலுகா அலுவலகத்தில் வாங்க வேண்டிய சான்று, ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்ற சரிபார்ப்பு, இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்திருக்கிறார்களா என்ற விவரம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கடைசி விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கே பதியாத பிள்ளைக்கு எந்த நாட்டுக் குடியுரிமைக்கும் காகிதம் இல்லை. அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையில் முகாம் மாணவர்களுக்கான கல்வி உதவிகளை விசாரியுங்கள். 1984-லிருந்து முகாம்களில் வேலை செய்யும் ஓஃபர் அமைப்புக்காரர்களுக்கு இந்தக் காகித வேலைகள் அத்துப்படி, அவர்களிடமும் கேளுங்கள். வங்கிகள் கல்விக் கடனுக்குப் பெரும்பாலும் இந்தியக் குடியுரிமை கேட்கும், எனவே கடனை நம்பிக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க விடாதீர்கள்.

என்ன படித்தால் வேலை கிடைக்கும் என்பதையும் அவளிடம் ஒளிக்காமல் பேச வேண்டும். அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. பொறியியல் முடித்து, நேர்முகத் தேர்வு வரை போய், பாஸ்போர்ட் கேட்ட இடத்தில் திரும்பி வந்து, அப்பாவோடு பெயிண்ட் வாளியைத் தூக்கியவர்களை எனக்குத் தெரியும். கணக்கியல், நர்சிங், கம்ப்யூட்டர் என்று எதை எடுத்தாலும், அந்தப் படிப்பை முடித்த முகாம் அக்கா ஒருத்தியிடம் பேச வைத்துவிட்டு முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

ஒருவேளை அவளோ வேறொரு முகாம் மாணவனோ தானாக வந்து, 'நான் பேசுறேன் மிஸ்' என்றால்? அப்படியும் நடக்கும். அப்போது தடுக்காதீர்கள். எதைப் பேசுவது என்பது அவர்கள் விருப்பம், அன்றைக்குக் காலையில் வேண்டாம் என்றாலும் சரி, யாரும் போனை எடுத்துப் படம் பிடிக்கக் கூடாது. இந்த மூன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போரைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று இல்லை. போன வருடம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புப் பையன் அவனாகவே பெயர் கொடுத்துப் பேசினான். அப்பா சுவருக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை பெயிண்டில் ஸ்டெய்னரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வீட்டுக்காரர் காட்டும் புடவைத் துணியின் நிறத்தை அப்படியே கொண்டுவருவாராம். எட்டாவது சொட்டில் நிறுத்த வேண்டும், ஒன்பதாவது விழுந்தால் வாளி முழுக்க வீண் என்றான். இடைவேளையில் பையன்கள் அவனைச் சுற்றிக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு என்ன கலர் நன்றாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக, உங்களிடம் தனியாக வந்து சொன்ன தோழி. ரகசியத்தை உடைத்துவிட்டோமே என்று இப்போது அவளுக்குத் தூக்கம் வராது. அவளையும் ஐந்து நிமிடம் கூப்பிடுங்கள். "நீ சொன்னதாலதான் எனக்குப் புரிஞ்சுது. இது என்னைத் தாண்டி யாருக்கும் போகாது" என்று சொல்லுங்கள். நாளைக்கு அந்தப் பெண் வந்தால் முதலில் பக்கத்தில் போய் உட்காரப் போவது அவள்தான்.